கள்ளிப்பூச்சியும் கம்பெனியும்

மரக்காணத்தில் உப்பு வாரும் காலம் தை, மாசியில் தொடங்கி ஐப்பசி மழை வரும்வரை நீள்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பாத்திகளில் உவர்நீர் வற்றி உப்பாகும் அதே மாதங்களில், கடலை ஒட்டிய மணல்மேடுகளிலும் வேலியோரங்களிலும் நிற்கும் சப்பாத்திக்கள்ளியில் வேறொரு வேலை நடக்கிறது. மடல்களில் முள் கிளம்பும் கண்களைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் தோன்றும். யாரோ பழைய தலையணையைப் பிய்த்து ஒட்டவைத்ததுபோல அவை நாளுக்கு நாள் பெருகும். ஒரு திட்டை எடுத்து நசுக்கினால் விரல் கருஞ்சிவப்பாகிவிடும். எளிதில் போகாத சிவப்பு அது. வைகாசி முடிவதற்குள் திட்டுகள் அப்பிய மடல்கள் மஞ்சளாகிச் சுருங்கி, கணுவில் கழன்று விழுகின்றன.

சப்பாத்திக்கள்ளியும் சரி, அதைத் தின்னும் பூச்சியும் சரி, இந்த மண்ணுக்குரியவை அல்ல. இரண்டும் அமெரிக்கக் கண்டத்தவை. கள்ளியைப் பெருக்கியதும் மனிதர்கள்தான். பெருகிய கள்ளியை ஒழிக்கப் பூச்சியை அழைத்துவந்ததும் மனிதர்கள்தான். இந்த 230 ஆண்டுக் கதை ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழல்கிறது: கையில் இருப்பது எந்தப் பூச்சி, எந்தக் கள்ளி? இதற்குச் சரியான விடை கிடைத்தபோது காரியம் கைகூடியது. தவறான விடையோடு இறங்கியபோது பணம் போயிற்று, அல்லது நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது.

பஞ்சுக்குள் இருப்பது என்ன?

அந்த வெள்ளைத் திட்டுக்குள் இருப்பது டாக்டைலோபியஸ். செதில் பூச்சிகளில் ஒரு பேரினம். மாவுப்பூச்சிக்கும் அரக்குப் பூச்சிக்கும் தூரத்து உறவு. தன் குடும்பத்தில் இருக்கும் ஒரே பேரினம் இதுதான். இதில் 10, 11 இனங்களை அறிவியலாளர்கள் ஏற்கிறார்கள். அத்தனையும் கள்ளிச் செடியை மட்டுமே அண்டி வாழ்பவை. கத்தரியோ பருத்தியோ பக்கத்திலேயே இருந்தாலும் அவற்றைத் தொடுவதில்லை.

பெண் பூச்சிக்குச் சிறகு இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஓரிரு நாள் மடலின் மேல் ஊர்கிறது. அதன் உடலில் நீண்ட மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் அந்த இழைகளே பாயாகி, குஞ்சை அடுத்த புதருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிடித்த இடம் கிடைத்ததும் ஊசி போன்ற வாயை மடலுக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. அதன்பின் சாகும்வரை அங்கிருந்து நகர்வதில்லை. மேலே நாம் பார்க்கும் பஞ்சு, அது தன்மேல் சுரந்துகொண்ட மெழுகு. ஆண் பூச்சியின் வாழ்க்கை வேறு. அது சிறு கூட்டுக்குள் உருமாறி, ஒரு ஜோடிச் சிறகும் வாலில் இரண்டு வெள்ளை இழைகளுமாக வெளியே வருகிறது. வளர்ந்த ஆணுக்கு வாய் இல்லை. சில நாட்களுக்குள் இணைசேர்ந்து மடிந்துபோகிறது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? பெண் பூச்சியின் உடலில் சேரும் கார்மினிக் அமிலத்திலிருந்து. ஓடவும் முடியாமல் கடிக்கவும் முடியாமல் ஒரே இடத்தில் குத்திக்கிடக்கும் உயிருக்கு இதுதான் காவல். எறும்புகள் இந்த அமிலத்தைக் கண்டு விலகுவதை 1980இல் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ஐஸ்னரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். அதே ஆய்வில் இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. இந்தப் பூச்சியைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியின் புழு, தான் தின்ற சிவப்பையே கக்கி எறும்புகளை விரட்டுகிறது.

பேரினத்தில் எல்லா இனத்திலும் இந்தச் சிவப்பு உண்டு, அளவில்தான் வேறுபாடு. டாக்டைலோபியஸ் காக்கஸ் என்ற இனம் உருவில் பெரியது, அதன்மேல் பஞ்சு இல்லை, மாவு தூவியது போன்ற மெல்லிய மெழுகுதான். உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாயம். மெக்ஸிகோவிலும் ஆண்டிஸ் மலை நாடுகளிலும் மனிதர் நெடுங்காலம் வளர்த்துப் பழக்கிய பூச்சி இது. மழையும் குளிரும் தாங்காது, ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற இனங்கள் காட்டுப்பூச்சிகள். சிறியவை, பஞ்சு போர்த்தியவை, சாயம் குறைந்தவை. ஆனால் கள்ளியை அழிப்பதில் வல்லவை. கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைவிட்டது இந்த வேறுபாட்டில்தான்.

சிவப்பின் விலை

1521இல் மெக்ஸிகோவைப் பிடித்த ஸ்பானியர்கள், அங்கே சந்தையில் விற்ற இந்தச் சாயத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் அதுவரை கிடைத்த எந்தச் சிவப்பும் இதற்கு ஈடாகவில்லை. ஸ்பானிய மெக்ஸிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இந்தப் பூச்சிக்கு. ஒரு கிலோ உலர்ந்த சரக்குக்கு ஏறத்தாழ 1,50,000 பூச்சிகள் தேவை. சரக்கு தானியம்போல இருந்ததால், இது விதையா, பழமா, புழுவா என்று ஐரோப்பியர்கள் நெடுநாள் வாதாடினார்கள். நுண்ணோக்கி வந்த பிறகே அது பூச்சி என்பது உறுதியானது. ஸ்பெயின் ரகசியத்தைக் கட்டிக்காத்தது. 1777இல் தியரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஓஹாகாவிலிருந்து பூச்சி ஏறிய கள்ளியைக் கடத்தி, கரீபியனில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குக் கொண்டுபோனார்.

சோழமண்டலக் கரைக்கு இந்தச் சிவப்பு தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையின் துணி பருத்தி. பருத்திக்கு உகந்த சிவப்பை, கடலோர மணலில் விளையும் சாயவேரிலிருந்து நம் சாயக்காரர்கள் எடுத்துவந்தார்கள். அரக்குச் சிவப்பும் இருந்தது. கொச்சினீல் எனப்படும் இந்தக் கள்ளிப்பூச்சிச் சாயம் தேவைப்பட்டது இங்கிலாந்தின் கம்பளி ஆலைகளுக்கும், சிவப்புக் கோட்டு அணிந்த படை அதிகாரிகளுக்கும்தான். ஸ்பெயினுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்த முடியுமா என்பதே கம்பெனியின் கணக்கு.

சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

கணக்கைக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், மதராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவர். 1786இல் மதராஸ் அருகே ஒரு புல்லின்மேல் சிவப்புச் சாறு தரும் செதில் பூச்சியைக் கண்டார். கொச்சினீல் கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் 1788இல் மதராஸிலேயே அச்சாயின. புல்லில் இருந்த பூச்சி டாக்டைலோபியஸ் அல்ல. டாக்டைலோபியஸ் கள்ளியை விட்டு வாழாது. சாய வணிகத்துக்கு அந்தப் புல் பூச்சி உதவவில்லை. தவறாக இனங்கண்ட முதல் பூச்சி இது.

ஆண்டர்சன் சோர்ந்துவிடவில்லை. பூச்சி வரும்போது வரட்டும், அதற்குத் தீனியை முதலில் வளர்ப்போம் என்று சைதாப்பேட்டையில் கம்பெனிச் செலவில் ஒரு கள்ளித் தோட்டம் போடச் செய்தார். வெளிநாடுகளிலிருந்து பலவகைக் கள்ளிகள் வந்து சேர்ந்தன. தோட்டத்தின் பொறுப்பு அவருடைய மருமகன் ஆண்ட்ரூ பெரியிடம். பசுமடல் நீண்டநாள் வாடாமல் இருப்பதால், கடற்பயணத்தில் மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோய்க்கு அதை உணவாகக் கொடுக்கலாம் என்றும் ஆண்டர்சன் பரிந்துரைத்தார். தோட்டம் தயார், தீனி தயார். பூச்சி மட்டும் வரவில்லை.

1795இல் நீல்சன் என்ற கேப்டன் ரியோ டி ஜெனிரோவில் கப்பலை நிறுத்தியபோது, பூச்சி ஏறிய கள்ளி மடல்களை வாங்கிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். பல மாதப் பயணத்தில் பெரும்பகுதி செத்துப்போக, மிஞ்சியவை கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் வில்லியம் ராக்ஸ்பரோவின் கைக்கு வந்தன. சாயத்துக்காக வாங்கி வைத்திருந்த கள்ளிகளைவிட, நாட்டில் ஏற்கெனவே வேலியாகப் பரவியிருந்த ஒபன்ஷியா மோனகாந்தா என்ற கள்ளியே பூச்சிக்குப் பிடித்திருந்தது. அதில் அசுரவேகத்தில் பெருகிற்று. விரைவிலேயே மதராஸுக்கும் வந்தது.

வந்தது காக்கஸ் அல்ல, டாக்டைலோபியஸ் சிலோனிகஸ் என்ற தென் அமெரிக்கக் காட்டுப்பூச்சி. பஞ்சு அதிகம், சாயம் குறைவு. இந்தியாவிலிருந்து போன சரக்கு லண்டனில் மட்டமான விலைக்குப் போனது. நூற்றாண்டு திரும்பும் வேளையில் சைதாப்பேட்டைத் தோட்டம் மூடப்பட்டது. மெக்ஸிகோப் பூச்சி இந்தியாவில் நிலைகொள்ளவே இல்லை. சாயத் தொழில் என்ற அளவில் திட்டம் முழுத் தோல்வி.

ஒரு கள்ளி போய் மறு கள்ளி

தோற்ற திட்டத்தின் பூச்சி தன் வேலையை நிறுத்தவில்லை. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் மோனகாந்தாப் புதர்கள் காய்ந்து சரிந்தன. வேலி போனவர்களுக்கு நட்டம், நிலத்தைக் கள்ளியிடம் பறிகொடுத்தவர்களுக்கு லாபம். இதைக் கவனித்தவர்கள் 1836க்கும் 1838க்கும் இடையே பூச்சியைக் கள்ளி ஒழிப்புக்கென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860களின் நடுவில் அது இங்கிருந்து இலங்கைக்குப் போனது. களையை ஒழிக்க ஒரு பூச்சியை வேண்டுமென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பிய முதல் நிகழ்வாக, உயிரியல் கட்டுப்பாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே பிறகுதான். இலங்கையில் பணியாற்றிய எட்வர்டு எர்னஸ்ட் கிரீன் 1896இல் அதை விவரித்தார். பிரேசில் பக்கத்துப் பூச்சி சிலோன் பெயரைச் சுமப்பது இதனால்தான்.

தென்னிந்தியாவிலும் மோனகாந்தா அருகிப்போனது. ஆனால் கள்ளித் தொல்லை தீரவில்லை. சிலோனிகஸ் சீண்டாத இன்னொரு கள்ளி இங்கே இருந்தது. நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாம் சொல்லும் ஒபன்ஷியா டில்லெனி. மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம், கண்ணுக்குக் கண் கொத்தாக முள். பழத்தை மண்ணில் தேய்த்துச் சுணை போக்கி, நடுவிலிருக்கும் தொண்டைமுள்ளை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும் என்று ஊர்ப்பிள்ளைகளுக்குத் தெரியும். பறவைகளும் குரங்குகளும் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். ஒடிந்து விழுந்த மடல் விழுந்த இடத்திலேயே வேர்விடும். உவர்ப்பும் மணலும் அதற்குப் பொருட்டல்ல. திருநெல்வேலியிலிருந்து கடலோரமாக வடக்கே, மேய்ச்சல் நிலம், குளக்கரை, ஊர்ப்பொது என்று அது பிடித்துக்கொண்டது. பாம்புக்கும் பன்றிக்கும் அது புகலிடம். வெட்டிக் கொளுத்துவதற்கு மதராஸ் மாகாணத்தில் கூலி கொடுத்து மாளவில்லை. கள்ளி எல்லாம் ஒன்றுதான், பூச்சி எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் இங்கே எடுபடவில்லை. சாயப்பூச்சி நாடெங்கும் இருந்தும், டில்லெனி அசையாமல் நின்றது.

1926

தீர்வு ஆஸ்திரேலியா வழியாகச் சுற்றி வந்தது. அங்கே ஒபன்ஷியா ஸ்டிரிக்டா என்ற கள்ளி சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடியிருந்தது. குவீன்ஸ்லாந்து அரசு அமைத்த பயணக் குழுவில் இருந்த ஹார்வி ஜான்ஸ்டனும் ஹென்றி டிரையனும் 1912 முதல் 1914 வரை இந்தியா, இலங்கை உட்பட உலகைச் சுற்றிக் கள்ளியின் எதிரிகளைத் தேடினார்கள். சிலோனிகஸ் ஆஸ்திரேலியா போய், வட குவீன்ஸ்லாந்தின் மோனகாந்தாவை முடித்தது. ஸ்டிரிக்டாவிடம் அது தோற்றது, இங்கே டில்லெனியிடம் தோற்றதைப் போலவே. இரண்டும் நெருங்கிய உறவு. டில்லெனியை ஸ்டிரிக்டாவின் ஒரு வகை என்றே பல தாவரவியலாளர்கள் கொள்கிறார்கள். ஆகவே ஸ்டிரிக்டாவைத் தின்னும் பூச்சியை வட அமெரிக்காவில் தேடிப்பிடித்து ஆஸ்திரேலியர்கள் கொண்டுவந்தார்கள். அதுதான் டாக்டைலோபியஸ் ஒபன்ஷியே. அங்கே பெருமளவு பெயர் வாங்கியது அர்ஜென்டினாவிலிருந்து போன காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சி. நமக்குப் பயன்பட்டது இந்தச் செதில் பூச்சி.

1924இல் அது ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் வந்தது. பரப்பிய முறை மிக எளிது. பூச்சி அப்பிய மடலை வெட்டி எடுத்துப்போய், பூச்சி இல்லாத புதரின்மேல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மடல் காயக் காயக் குஞ்சுகள் பச்சை மடலுக்கு ஏறிவிடும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் கள்ளி அடங்கியதாக இந்திய உயிரியல் கட்டுப்பாட்டு நூல்கள் பதிவு செய்கின்றன. மதராஸ் அரசின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியக் கள்ளியில் வாழும் செதில் பூச்சிகளையும் அவற்றின் பயனையும் பற்றி 1931இல் தனிக் கட்டுரையே எழுதினார். கூலியும் தீயும் செய்ய முடியாததை ஒரு பூச்சி செய்து முடித்தது.

இத்தனை வெற்றியிலும் பெயர்க் குழப்பம் தீரவில்லை. அந்தக் காலத்து ஆவணங்கள் பூச்சியை டாக்டைலோபியஸ் டொமென்டோசஸ் என்று எழுதின. டொமென்டோசஸ் வேறு இனம், வேறு வகைக் கள்ளியைத் தின்பது. 1974இல் டி லோட்டோ என்ற பூச்சியியலாளர் பேரினத்தை மறுபடி ஆராய்ந்து எழுதிய பிறகே இனங்களின் எல்லை தெளிவானது. பழைய அறிக்கையை மட்டும் நம்பி டொமென்டோசஸை வரவழைப்பவர் டில்லெனியிடம் ஏமாந்துபோவார். 1926இல் பெயர் பிழையாக இருந்தும் காரியம் நடந்ததற்குக் காரணம் ஒன்றுதான். வந்தது உயிருள்ள பூச்சி. எந்தக் கள்ளியைத் தின்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அடங்கியது என்று சொன்னேன், அழிந்தது என்று சொல்லவில்லை. மரக்காணம் கரையில் இன்றும் சப்பாத்திக்கள்ளி இருக்கிறது. புதர்புதராக, பிரிந்து பிரிந்து. கோடையில் பூச்சி பெருகிக் கள்ளி குறையும். வடகிழக்குப் பருவமழை அடித்தால் குஞ்சுகள் கழுவிப்போய்ப் பூச்சி குறையும், கள்ளி தளிர்விடும். உப்பளத்தில் வேலை ஓயும் ஐப்பசியும் கார்த்திகையும் கள்ளிக்கு மூச்சுவிடும் மாதங்கள். தீனி முழுவதையும் தின்று தீர்த்தால் பூச்சிக்கே வாழ்வில்லை. இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் நூறாண்டாக நீடிக்கின்றன. இந்தக் கரையில் இப்போது நிலத்தை மூடிக்கிடப்பது கள்ளி அல்ல, வேலிகாத்தான். அதற்கு இப்படியொரு பூச்சி இன்னும் வாய்க்கவில்லை.

நண்பனா, எதிரியா?

தமிழ்நாட்டில் நன்மை செய்த அதே ஒபன்ஷியே இனம், கள்ளியைப் பயிராக வளர்க்கும் நாடுகளில் பேரிடர். வடகிழக்கு பிரேசிலின் வறண்ட பகுதியில் மாட்டுத் தீவனக் கள்ளி தோட்டம் தோட்டமாக அழிந்தது. மொராக்கோவில் 2014இல் தென்பட்ட பூச்சி, சில ஆண்டுகளுக்குள் ஊர்களின் வேலியையும் பழத்தோப்பையும் வெறும் சக்கையாக்கியது. இஸ்ரேல், லெபனான், ஸ்பெயின் எங்கும் இதே கதை. அங்கெல்லாம் கள்ளி என்பது ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா. பழத்துக்கும் தீவனத்துக்கும் ஏழைகளின் பயிர். பிரேசிலும் மொராக்கோவும் பூச்சி தாங்கும் கள்ளி வகைகளைத் தேர்ந்தெடுத்து மறுநடவு செய்துதான் மீண்டுவருகின்றன.

இன்னும் நுட்பமான பாடம் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அங்கே 1938இல் விட்ட ஒபன்ஷியே பூச்சி ஃபைகஸ்-இண்டிகாவை நன்றாகத் தாக்கியது. ஸ்டிரிக்டாவை அசைக்க முடியவில்லை. க்ரூகர் தேசியப் பூங்காவில் ஸ்டிரிக்டா பரவியபோது, 1990களில் அதே இனத்தின் இன்னொரு வகையை ஆஸ்திரேலியாவிலிருந்து புதிதாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. உருவத்தில் இரண்டும் ஒன்று. தின்னும் கள்ளி வேறு. இனத்தின் பெயரைச் சரியாக எழுதினால் மட்டும் போதாது, இனத்துக்குள் எந்த வகை என்பதும் தெரிய வேண்டும்.

இது நமக்கு இன்று ஏன் தேவை? 2022 முதல் ஒன்றிய அரசின் நிலவளத் துறை, முள்ளில்லாத கள்ளியை வறண்ட நிலங்களில் தீவனத்துக்கும் உயிரிவாயுவுக்கும் வளர்க்க ஊக்குவிக்கிறது. யோசனையில் குறையில்லை. ஆனால் நடவிருப்பவை ஃபைகஸ்-இண்டிகா வகைகள். கள்ளி தின்னும் பூச்சியை நாமே அழைத்துவந்து பரப்பிய நாடு இது. 1926இல் வந்த வகை டில்லெனியைத் தின்னும் வகை. அது புதுப் பயிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தோட்டம் போட்ட பிறகு பார்ப்பது, தீனியை வளர்த்துவிட்டுப் பூச்சிக்குக் காத்திருந்த ஆண்டர்சனின் வழி. நடுவதற்கு முன்பே பல மாவட்டங்களிலிருந்து பூச்சியை எடுத்து, நடவிருக்கும் ஒவ்வொரு கள்ளி வகையிலும் ஏற்றிச் சோதிக்கலாம். செலவு அதிகமில்லை.

சரியாக இனங்காண்பது என்ன பலன் தரும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளியைத் தாக்கிய மாவுப்பூச்சி பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று உறுதியானது. மல்பெரி, மரவள்ளி என்று அது பரவினாலும், இன்னதென்று தெரிந்ததால் இன்ன குளவி வேண்டும் என்பதும் தெரிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவி அதை அடக்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்த குளவி 2022இல் சேலம் பக்கம் விடப்பட்டதும் இதே வழியில்தான். மருந்தடித்துத் தோற்ற விவசாயிகள் இரண்டையும் கண்ணால் பார்த்தார்கள்.

பூச்சியை ஊசியில் குத்தி, நுண்ணோக்கியில் மயிரெண்ணிப் பெயர் சொல்லும் வகைப்பாட்டியல் வேலையை நம் பல்கலைக்கழகங்களில் பழைய சரக்காகப் பார்க்கும் போக்கு இருக்கிறது. அந்த வேலையில் நேர்ந்த ஒரு பிழை கம்பெனியின் சாயத் திட்டத்தைக் கவிழ்த்தது. அதே வேலை சரியாக நடந்த இடங்களில் நிலம் மீண்டது, பயிர் பிழைத்தது. கள்ளி நடுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, முதல் மடலை நடுவதற்கு முன்பே, கள்ளிப்பூச்சியின் வகையை இனங்காணப் போக வேண்டும்.